ஐம்பது ரூபாய்ப் பண்டிதர்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று கலாசாலைகள் மலிந்திருக்கின்றன. முன்பு நெல் விளைந்த நிலங்களில் மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. காலை வேளையில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நிற்பவர்கள், மாணவர்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் கலாசாலை பஸ்களைக் காணலாம். பொறியியல் படிக்கும் இம்மாணவர்களுக்கு 2022-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக் கழகம் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்னும் இரண்டு சிறு பாடங்களை வகுத்தது. வாரத்தில் ஒரு மணி நேரமே அவற்றுக்கு உரியது. அந்த ஒரு மணி வரும்போது எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எத்தனை பேர் கைப்பேசியில் கண்ணைச் செலுத்துகிறார்கள் என்பதை அவ்வகுப்பின் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். கலாசாலையில் தமிழ் வேளை என்பது இளைப்பாறும் வேளை என்ற எண்ணம் இன்று நேற்று முளைத்ததன்று. அதற்கு நூற்றைம்பது வயதுக்குக் குறைவிராது.

அவ்வெண்ணம் தலைவிரித்தாடிய காலத்தில் ஒரு கலாசாலை வகுப்புக்குள் நுழைந்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். பூவிருந்தவல்லிக்கு அருகேயுள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வார் கடைசியில் குடந்தையை அடைந்து ஆராவமுதனிடம் தங்கிவிட்டார் என்பது வைணவ மரபு. நம் கதையும் அந்தக் குடந்தைக்கே செல்கிறது. அங்கேயிருந்த அரசாங்கக் கலாசாலையில் 1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார் உத்தமதானபுரம் வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இங்கிலீஷ் படிப்பு இல்லை. சர்வகலாசாலைப் பட்டமும் இல்லை.

பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய பெருமகனார் என்றே ஐயரவர்களை யாவரும் அறிவர். அவர் முப்பத்தொன்பது ஆண்டுகள், மணியடித்தால் வகுப்புக்குப் போய் மணியடித்தால் வெளியே வந்த கலாசாலை உபாத்தியாயர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சுவடி வேலையெல்லாம் அந்த மணிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் நடந்தது. ஆகவே, அவருடைய சரித்திரம் ஒருவகையில் அக்காலத்து மாணவர்களின் சரித்திரமுமாகும்.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து அதில் வரும் சம்பாவனையைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்துவிடுவார். அரியலூர், குன்னம் என்று இப்படியே பல வருஷங்கள் கழிந்தன. இங்கிலீஷ் படித்தால் இம்மையில் சுகம், வடமொழி படித்தால் மறுமைக்கு வழி, தமிழ் படித்தால் இரண்டும் இல்லை என்பது அக்காலத்துப் பெரியவர்கள் பலர் மனத்தில் ஊறிப்போன தீர்ப்பு. இத்தீர்ப்பைக் கேட்டுக்கொண்டேதான் சிறுவன் வளர்ந்தான். தந்தையோ, வறுமையிலும் மகனுடைய விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. இந்தத் தகப்பனாரைப் பற்றி நம் நாட்டில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்ததோடு அலைச்சல் ஒருவாறு முடிந்தது. அந்தக் குருகுலத்தின் முறையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் கலாசாலையோடு ஒப்பிடுவதற்கு அது உதவும். அங்கே மணி கிடையாது. ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்தாலும் பாடம்; ஆற்றுக்கு ஸ்நானத்துக்குப் புறப்பட்டாலும் பாடம்; வண்டியிற் போகும்போதும் பாடம். ஒரு நூலைத் தொடங்கினால் அது முடிந்த பிறகே அடுத்தது. ஆசிரியர் பாடல் இயற்றிச் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போவார். சம்பளம் என்ற பேச்சே இல்லை. பிள்ளையவர்களோ ஓயாத கடனில் இருந்தவர். ஆயினும் மாணாக்கர் பசியோடிருப்பதைப் பொறுக்கமாட்டார். நாகூர்க் குலாம் காதிறு நாவலர், கிறிஸ்தவரான சவராயலு நாயகர் முதலியோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பரீட்சை என்பது ஒன்றும் இல்லை. ஆசிரியர் முகம் மலர்ந்தால் தேறியதாகப் பொருள். இந்த முறையிலும் குறையுண்டு. குருவிடம் இல்லாத நூல் மாணாக்கனுக்கு உலகத்திலேயே இல்லாத நூல் ஆகிவிடும். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அடுக்கடுக்காகப் படித்தார்கள். இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பெருங்காவியங்கள் எங்கோ பரண்களில் பூச்சிக்கு இரையாகிக்கொண்டிருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

1876-இல் பிள்ளையவர்கள் காலமானார். சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரிடம் தொடர்ந்து கற்றும், இளைய மாணாக்கர்களுக்குக் கற்பித்தும் வந்தார். உண்ணவும் உடுக்கவும் குறைவில்லை. வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் அவர் பெயரை இன்று யார் அறிவார்?

திருவாவடுதுறையிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் இருந்தது கும்பகோணம். ஆனால் மடத்தின் உலகம் வேறு, கும்பகோணம் காலேஜின் உலகம் வேறு. 1854-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிக் கலாசாலையாக வளர்ந்த அந்த ஸ்தாபனத்துக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு பட்டப்பெயர் வழங்கிற்று. போர்ட்டர் என்னும் ஆங்கிலேயரும் அவருக்குப் பின் கோபாலராவ் அவர்களும் அதற்கு அந்தப் பெயரைத் தேடித் தந்தவர்கள். காவிரிக் கரையில் அழகான இடம். அங்கே படித்துத் தேறியவர்கள் முன்சீபுகளாகவும் தாசில்தார்களாகவும் வக்கீல்களாகவும் மாகாணமெங்கும் பரவியிருந்தார்கள்.

அங்கே படித்த மாணவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அக்காலத்தில் கலாசாலையை அடுத்த மாணவர் விடுதிகள் அரிது. உறவினர் வீட்டுத் திண்ணையிலோ, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாடகைக்கு அமர்த்திய அறையிலோ தங்குவார்கள். ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு வாரச் சாப்பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை வேறொரு வீடு என்று ஏழு வீடுகளில் ஏழு நாள் உண்பார்கள். எண்ணெய் விளக்கடியில் உரக்கக் கத்தி உருப்போடுவார்கள். காலையில் குடுமியை முடிந்து, தலைப்பாகை கட்டி, மேற்சட்டை அணிந்து கலாசாலைக்குப் புறப்படுவார்கள். அவர்களில் பலருக்கு விவாகம் ஆகியிருக்கும். சிலருக்குக் குழந்தைகளும் இருக்கும். மெட்ரிகுலேஷன் தேறினால் ஒரு மதிப்பு; எப்.ஏ. தேறினால் மாமனார் வீட்டில் வேறு மதிப்பு, பி.ஏ. என்றால் கேட்க வேண்டியதில்லை. பரீட்சையில் தவறினவர்கள்கூட பி.ஏ. பெயில் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட காலம் அது. தவறியது பெருமையா என்று சிரிப்பதற்கு முன், அந்தப் பரீட்சை மண்டபம் வரையில் போய்ச் சேர்ந்தவர்கள் தேசத்தில் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஜாதியார்; பெண்கள் அடியோடு இல்லை; குடியானவன் மகனும் சேரிப்பிள்ளையும் அந்த வாசலை மிதிப்பது கனவு. இதை மறைத்துவிட்டு அக்காலத்துக் கல்வியைப் புகழ்வதில் நமக்குச் சம்மதமில்லை.

அம்மாணவர்களுடைய மனத்தில் எது பெரியது? இங்கிலீஷ் பெரியது. ஷேக்ஸ்பியர், மில்டன் முதலியோரின் வரிகளை மனப்பாடமாகச் சொல்பவன் வகுப்பில் ராஜா. கணிதம் பெரியது, சரித்திரம் பெரியது, அதுவும் இங்கிலாந்தின் சரித்திரம். தமிழோ இரண்டாம் பாஷை; வடமொழியும் லத்தீனும் நிற்கும் வரிசையில் அதுவும் ஒன்றாக நின்றது. அதைக் கற்பித்த பண்டிதருக்குச் சம்பளமும் குறைவு, ஸ்தானமும் குறைவு. இங்கிலீஷ் போதித்த ஐரோப்பிய ஆசிரியர்கள் மாதம் நூற்றுக்கணக்கில் வாங்கிய இடத்தில் பண்டிதருக்கு ஐம்பது. மாணவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ராஜாங்கம் எதற்கு எவ்வளவு விலை வைத்ததோ அதற்கு அவ்வளவு மரியாதையை அவனும் வைத்தான். பண்டிதருக்கு இங்கிலீஷ் தெரியாதாகையால் அவர் எதிரிலேயே அந்தப் பாஷையில் பரிகாசம் செய்வதும், அவர் திரும்பும்போது நகைப்பதும் பல கலாசாலைகளில் சாதாரணம். தமிழ்ப் பண்டிதர் என்றாலே பரிகாசத்துக்கு ஆளானவர் என்ற நிலை அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. வயது சென்ற நேயர்கள் சிலர் தம் பள்ளி நாட்களை நினைத்து இவ்விடத்தில் தலைகுனியக்கூடும். நாமும் அதற்கு விலக்கல்ல.

கும்பகோணத்தில் மட்டும் நிலை ஓரளவு வேறாக இருந்தது. அதற்குக் காரணம் அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார். இவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர், சாமிநாதையருக்கு மூத்தவர். கண்டிப்புக்கும் யாருக்கும் பணியாத சுபாவத்துக்கும் பேர்போனவர். இங்கிலீஷ் ஆசிரியர்கள் நடுவே தலைநிமிர்ந்து நடந்தவர். உடல் நலிவால் அவர் ஓய்வு பெற விரும்பியபோது, தம் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துவிட்டார். திருவாவடுதுறைக்குச் சென்று தேசிகரிடம் சாமிநாதையரைக் கேட்டார். அருமை மாணாக்கரைப் பிரிய தேசிகருக்கு மனமில்லை. ஆனாலும் அவருடைய எதிர்கால நன்மையைக் கருதி இசைந்தார். பிறகு கலாசாலை ஆசிரியர்கள் கூடி, செய்யுள் சொல்லச் சொல்லியும் பொருள் விரிக்கச் சொல்லியும், கொடுத்த விஷயத்தின்மேல் உடனே பாட்டியற்றச் செய்தும் இளைஞரைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறினார். கலாசாலைத் தலைவர் கோபாலராவ் அவர்களும் திருப்தியடைந்தார்.

மடத்தில் பயின்ற கை, கலாசாலையின் மேஜையைத் தொட்டது. இனி அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஆசிரியர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணாக்கர்கள் அல்லர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பலர் ஏறக்குறைய அவர் வயதினர். அவருக்குத் தெரியாத ஒரு பாஷை அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாஷையை வைத்துத்தான் அவர்கள் உலகத்தை அளந்தார்கள். இந்த நிலையில் ஒரு பண்டிதர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றுவது வழக்கம்: கோபித்துக்கொண்டு பிரம்பின் உதவியை நாடுவார், அல்லது தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டு மாணவர்களோடு சேர்ந்து நகைப்பார். சாமிநாதையர் இரண்டையும் செய்யவில்லை. அவரிடம் தந்தையார் தந்த சொத்து ஒன்று இருந்தது. அது சங்கீதம். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மாயூரத்தில் சில காலம் பயின்றதும் உண்டு. பிள்ளையவர்கள் விரும்பாததால் அந்தப் பயிற்சி நின்றுபோயிற்று. வகுப்பில் செய்யுளை இராகத்தோடு பாடிவிட்டுப் பிறகு பதம் பதமாகப் பொருள் சொன்னார். நடுநடுவே கதைகளும், வித்துவான்களைப் பற்றிய ஹாஸ்யமான வரலாறுகளும் வரும். தமிழ்ப் பாட்டு இவ்வளவு இனிமையாக இருக்குமென்பதை முதன்முதலாகக் கேட்ட மாணவர்கள் கடிகாரத்தை மறந்தார்கள். சில மாணவர்கள் மாலையில் வீடு தேடி வந்தும் பாடம் கேட்டார்கள். எல்லா மாணவர்களும் மனம் மாறினார்கள் என்று நாம் எழுதப் போவதில்லை. அந்த வகுப்பிலிருந்து உத்தியோகத்துக்குப் போய்த் தமிழ்ப் புத்தகத்தைத் திரும்பப் பார்க்காதவர்களே மிகுதியாக இருந்திருப்பார்கள்.

வேலையில் அமர்ந்து எட்டு மாதங்கள் ஆயின. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீபைக் காண அவர் சென்றார். முதலியார் அப்பொழுதுதான் அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாறி வந்திருந்தார். பட்டதாரி, இங்கிலீஷ் படிப்பில் தேர்ந்தவர், பிற்காலத்தில் சென்னையில் பெரிய வக்கீல். 1885-இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து ஜனங்களிடம் எடுத்துச் சொல்வதற்காக மூன்று மாகாணங்களிலிருந்து மூவர் சென்றார்களே, அவர்களில் சென்னை மாகாணத்தின் பிரதிநிதி இவர்தாம். அன்று பண்டிதரை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. என்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் பிரபந்தங்களையும் உற்சாகத்தோடு வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் எவ்வித வியப்பும் தோன்றவில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. தம் ஆசிரியரே படித்ததில்லை. புத்தகமும் கிடைக்கவில்லை.

நம் வாதத்துக்கு இந்தச் சந்திப்பு மிகவும் முக்கியமானது. இங்கிலீஷ் கல்வி நம் இளைஞர்களைக் கெடுத்துவிட்டது, தாய்மொழியை மறக்கச் செய்தது என்று மேடைகளில் முழங்குவது நமக்கு எளிது; தேசிய இயக்கத்தில் இருந்தவர்கள் அதைப் பலமுறை முழங்கியிருக்கிறார்கள். அதில் உண்மையில்லாமலும் இல்லை. ஆனால் கும்பகோணத்து வீட்டில் நடந்தது என்ன? பழந்தமிழைப் பற்றிக் கேட்டவர் இங்கிலீஷ் படித்த முன்சீப். விடை சொல்ல முடியாமல் நின்றவர் தமிழையே உயிராகக் கொண்ட வித்துவான். சிந்தாமணியின் முதற் பகுதியாகிய நாமகளிலம்பகத்தை 1868-இல் அச்சிட்டவர் பவர் என்னும் பாதிரியார்; சர்வகலாசாலை மாணவர்களின் உபயோகத்துக்காகவே அது வெளிவந்தது. பரீட்சைக்காக ஒரு துண்டு படித்தவர்களில் யாரோ சிலருக்கு, மீதி எங்கே என்ற தாகம் பிறந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் வீரசோழியத்தையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் தேடிப் பதிப்பித்தார். ஆகையால் குற்றத்தை ஒரே தலையில் கட்ட முடியாது. இங்கிலீஷ் மாணவன் தமிழை இகழ்ந்தான்; தமிழ் வித்துவானோ தமிழின் பெரும்பகுதி இருப்பதையே அறியாமலிருந்தான். இகழ்ச்சிக்கு மருந்து தேடுபவர்கள் இந்த அறியாமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சாமிநாதையர் ஒப்புக்கொண்டார். அவருடைய பெருமையை நாம் இந்த இடத்தில்தான் காண்கிறோம். கலாசாலைப் பண்டிதர் என்ற ஸ்தானம் கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஊரில் மதிப்பு உண்டாயிருந்தது. முன்சீபின் கேள்வியை அவமதிப்பாகக் கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு மறுபடியும் மாணாக்கரானார். அது ஜைன காவியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள். நச்சினார்க்கினியர் உரையோ பல இடங்களில் விளங்கவில்லை. கும்பகோணத்தில் ஜைனர்கள் சிலர் அக்காவியத்தைச் சிரத்தையோடு பாராயணம் செய்து வருவதை அறிந்து அவர்களிடம் போனார். சைவ மடத்தில் வளர்ந்த ஸ்மார்த்தப் பிராமணர் ஜைன நண்பர்களிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். பகலில் கலாசாலையில் கற்பித்தார், இரவில் கற்றார். சாதாரணத் தமிழ் வேளைக்குப் பாடம் சொல்லுகிற ஒருவர் வீட்டில் இவ்வளவும் நடக்கிறதென்பது அவர் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

ஏழு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. அச்சுக் கூலிக்கும் காகிதத்துக்கும் பணமில்லாமல், முன்னதாகவே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. கலாசாலை விடுமுறை விட்டவுடன் சென்னைக்கு ஓடி, அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தி, கலாசாலை திறக்குமுன் திரும்பிவிடுவார். பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இவை ஒவ்வொன்றுக்காகவும் ஊர் ஊராக அலைந்தபோது, தம்மிடம் படித்து உத்தியோகத்திலிருந்த பழைய மாணவர்களின் உதவியும் அங்கங்கே கிடைத்தது. வகுப்பில் அவர் பாடிய பாட்டு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

1903-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் சென்னை ராஜதானிக் கலாசாலைக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கலாசாலையில் ஓர் இளைஞர் சேர்ந்து, கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் கவனமில்லாமல் உபகாரச் சம்பளத்தை இழந்து வெளியேறினார். அவர் பெயர் சீநிவாச ராமானுஜன். பரீட்சை என்னும் தராசில் நிறுத்தால் பட்டமில்லாத பண்டிதரும் எப்.ஏ. தேறாத கணித மேதையும் எடையில்லாதவர்கள். அந்தத் தராசை அன்றைக்கு யாரும் சந்தேகிக்கவில்லை.

சென்னையில் ஐயரவர்கள் பார்த்த மாணவர்கள் வேறு விதமானவர்கள். வங்காளப் பிரிவினைக்குப் பிறகு கலாசாலைகளில் புதுக் காற்று வீசிற்று. 1907-இல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது மாணவர்கள் திரண்டார்கள். அதே ஆண்டில் ராஜமகேந்திரபுரத்தில் வந்தே மாதரம் முழங்கிய மாணவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்; காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் கலாசாலையிலிருந்து நீக்கப்பட்டார். இங்கிலாந்தின் சரித்திரத்தை உருப்போட்ட தலைமுறைக்குப் பிள்ளையாகப் பிறந்த தலைமுறை, தன் தேசத்துக்குச் சரித்திரம் உண்டா என்று கேட்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அக்கேள்விக்குச் சேரன் செங்குட்டுவனையும் பாரியையும் அதியமானையும் காட்டி விடை சொல்ல முடிந்ததென்றால், அதற்குச் சிலப்பதிகாரமும் புறநானூறும் அச்சில் இருந்தது காரணம்.

ஐயரவர்கள் தாம் அரசியலில் இறங்கவில்லை. அரசாங்கச் சம்பளம் பெற்றவர். 1906-இல் அரசாங்கம் அளித்த மகாமகோபாத்தியாயர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். தீவிர தேசியவாதிகளுக்குப் பட்டம் என்றாலே கசப்பான காலத்தில் இது நிகழ்ந்தது. அப்படியிருந்தும் ராஜதானிக் கலாசாலையில் நடந்த பாராட்டுவிழாவை ஒட்டி அவரைப் பாடியவர் யார்? சுதேசமித்திரனில் எழுதிக்கொண்டிருந்த சுப்பிரமணிய பாரதியார். பட்டத்தை யார் கொடுத்தார் என்று பார்க்காமல், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்க்கும் விசாலம் பாரதியாருக்கு இருந்தது. ஐயரவர்களை அரசியல் தராசில் வைத்து எடைபோட விரும்புவோர் இதைக் கவனிப்பார்களாக.

1919-இல் அவர் ஓய்வு பெற்றார். திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம். தமக்கு வேலை வாங்கித் தந்த செட்டியாரை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வாசற்படியிலேயே எழுதி வைத்திருந்தார். 1924 முதல் மூன்று ஆண்டுகள் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1932-இல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. ஐம்பது ரூபாய்ப் பண்டிதருக்கு அந்த சர்வகலாசாலையின் அங்கி கிடைக்க ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1937-இல் சென்னையில் பாரதீய சாகித்திய பரிஷத்து கூடியபோது வரவேற்புக் கழகத்தின் தலைவர் ஐயரவர்கள். மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் மகாத்மா காந்தி. ஐயரவர்களின் வரவேற்புரையைக் கேட்ட காந்தியடிகள், அவருடைய காலடியில் அமர்ந்து தமிழ் பயில வேண்டுமென்ற ஆவல் தமக்கு எழுவதாகச் சொன்னார். தமிழ் வேளையில் பின்வரிசையில் நழுவிய பழைய மாணவர் எவராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்!

யுத்த காலத்தில் சென்னைக்குக் குண்டு அபாயம் வருமென்று ஜனங்கள் வெளியேறியபோது, முதியவரான ஐயரவர்களும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கே 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். மறு ஆண்டு அவர் பெயரால் நூல்நிலையம் ஏற்பட்டது. அவர் தேடிய சுவடிகள் அங்கே இருக்கின்றன. 1948-இல் ராஜதானிக் கலாசாலையின் முன் கடலை நோக்கி அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆனந்த விகடனில் 1940 முதல் வாரந்தோறும் அவர் எழுதிவந்த சுய சரித்திரம், அவர் மறைவோடு, மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டி நின்றுவிட்டது. சென்னையில் அவர் வகுப்பு நடத்திய பதினாறு ஆண்டுகளும், அந்தப் புதிய மாணவர்கள் அவர் எதிரில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் அதில் எழுதப்படவில்லை.